கண்ணாடி மாதிரி இருந்த தண்ணியில் எங்க மீன் ஏன் செத்தது?



இந்த மாத சுவர் இதழில் அறிவியல் பக்கம் என் முறை. சூரியக் குடும்பம் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வருடமே இரண்டு பேர் அதை எழுதி, படமும் வரைந்துவிட்டார்கள். அதனால் எங்கள் வீட்டில் நடந்ததையே எழுதுகிறேன். நம் வகுப்பில் நாலு பேர் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது. அதில் இரண்டு தொட்டி இப்போது காலி. ஒன்றில் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "எங்க வீட்டுக்கு மீன் ராசியில்ல" என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் பாட்டி அப்படித்தான் சொன்னார். ராசி இல்லை, அம்மோனியா. அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் மாமா சென்னையில் வேலை பார்க்கிறார். அங்கே கொளத்தூரில் தெருத்தெருவாக வண்ண மீன் கடைகள் இருக்கின்றன. போன லீவில் வரும்போது மாமா அங்கிருந்து இரண்டு அடி கண்ணாடித் தொட்டி ஒன்று, காற்று மோட்டார், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஆறு கோல்டு ஃபிஷ் எல்லாம் வாங்கி வந்தார். மீன்கள் ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையில் இருந்தன. என் தம்பி நாலாம் வகுப்பு. அன்று ராத்திரி சாப்பிடக்கூட வராமல் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டி வைத்தோம். முதல் நாள் பிடித்து வைத்த குடத்துத் தண்ணியைத்தான் ஊற்றினோம். புதன்கிழமை வரை மீன்கள் நன்றாக நீந்தின. வியாழக்கிழமை காலையில் பார்த்தால் தண்ணி அரிசி கழுவின தண்ணி மாதிரி வெள்ளையாகக் கலங்கி இருந்தது. எனக்கு அழுக்கு என்றால் பிடிக்காது. மீனை எல்லாம் ஒரு பக்கெட்டில் போட்டேன். தண்ணி மொத்தத்தையும் கொட்டினேன். கூழாங்கல்லைத் தேய்த்துக் கழுவினேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, மஞ்சளாக வந்தது நிற்கும் வரை அலசினேன். பிறகு வாசல் குழாயில் அப்போதுதான் வந்த தண்ணியை நேராகப் பிடித்து நிரப்பினேன். தொட்டி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அம்மாவே "பரவாயில்லையே" என்று சொன்னார்.

சாயங்காலம் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. தம்பி "அக்கா, மீன் என்னமோ கேக்குது" என்றான். பசி என்று நினைத்துத் தீவனம் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை இரண்டு மீன் மிதந்தது.

புதன்கிழமை தம்பி ஒரு பிடி தீவனத்தை அள்ளிப் போட்டிருந்தான், அது எனக்குத் தெரியும். "நீதாண்டா கொன்ன" என்று சொல்லி முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு அவன் தொட்டிப் பக்கமே வரவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாவது மீனும் செத்தபோது தூரத்தில் நின்று, "நான் ஒண்ணும் போடலக்கா" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு நாளாகத் தீவனம் போடுவது நான் மட்டும்தான். தண்ணியும் தெளிவாகத்தான் இருக்கிறது. அப்புறம் எப்படிச் சாகும்?

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணியைச் சோதித்துப் பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். மகளிர் குழுவில் இருக்கிறார். 2019-ல் ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதனை செய்யப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பயிற்சிக்குப் போய் வந்தவர் அவர். அவரிடம் ஒரு பெட்டி உண்டு. அதற்குள் குட்டிக் குட்டி மருந்துப் புட்டிகள், கண்ணாடிக் குழாய்கள், நிற அட்டைகள் இருக்கும். கார அமிலத் தன்மை, கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், எஞ்சிய குளோரின் இப்படிப் பலதையும் அதில் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் அம்மோனியா என்ற பெயரைப் பார்த்ததும்தான், மீன் கழிவில் அம்மோனியா வெளியேறும் என்று வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. சனிக்கிழமை ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணி எடுத்துக்கொண்டு போனேன்.

"எந்தத் தெரு தண்ணி பாப்பா இது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு மீன் தொட்டித் தண்ணிக்கா."

"மீனுக்கெல்லாம் மருந்து குடுக்கலடா. இது ஊருக்குக் குடுத்தது."

நான் போகாமல் நின்றேன். கடைசியில் ஒரு ஒப்பந்தம் செய்தோம். வாரா வாரம் ஐந்து தெருக் குழாயில் இருந்து தண்ணி பிடித்து, பாட்டிலில் தெருப் பெயர் எழுதி நான் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக என் தொட்டித் தண்ணிக்கு வாரம் ஒரு முறை சோதனை. அவருக்கும் வெயிலில் அலைய வேண்டாம். (இந்த ஒப்பந்தம் இன்னும் நடப்பில் உள்ளது.)

சோதனை செய்யும் முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் முதலில் தப்பாகச் செய்தேன். சோப்புப் போட்டுக் கழுவிய பாட்டிலில் தண்ணி கொண்டு போனதால் அக்கா அதைக் கொட்டச் சொல்லிவிட்டார். சோதிக்க வேண்டிய தண்ணியாலேயே பாட்டிலையும் கண்ணாடிக் குழாயையும் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கோடு வரை தண்ணி ஊற்ற வேண்டும். மருந்துப் புட்டியைச் செங்குத்தாகப் பிடித்துச் சொட்டு விட வேண்டும், சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறிவிடும். குலுக்கிவிட்டு, தாளில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு வெள்ளைத் தாளை பின்னால் வைத்து, பகல் வெளிச்சத்தில் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால் நிறம் வேறு மாதிரி தெரிகிறது. சில மருந்துகள் விஷம். கை கழுவ வேண்டும், சோதித்த தண்ணியைத் தொட்டியிலோ செடியிலோ ஊற்றக் கூடாது. கடைகளில் மீன் தொட்டிக்கென்றே விற்கும் சோதனைப் பெட்டியிலும் முறை இதேதான். அதில் மருந்தின் காலாவதி தேதியை மறக்காமல் பார்த்து வாங்குங்கள்.

முதல் சோதனையில் வந்தது: அம்மோனியா லிட்டருக்கு 3 மில்லிகிராம். நைட்ரைட் இல்லை. கார அமிலத் தன்மை, அதாவது பி.எச்., 8. நல்ல தொட்டியில் அம்மோனியா பூஜ்ஜியம் இருக்க வேண்டும். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணியில் இவ்வளவு இருந்தது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. இந்த அளவில் நம் மூக்குக்கும் தெரியாது. கண்ணால் பார்த்துத் தண்ணி நல்லது கெட்டது சொல்வது நடக்காத காரியம் என்று அன்றுதான் புரிந்தது.

இந்த அம்மோனியா எங்கிருந்து வந்தது? மீன் தின்ற தீவனத்தில் உள்ள புரதத்தில் இருந்து. மீன் அதைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியே விடுகிறது. மிச்சத் தீவனம் அழுகினாலும் அம்மோனியாதான். மீன் வளர்ப்பவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 35 சதவீதம் புரதம் உள்ள தீவனம் ஒரு கிராம் போட்டால், கிட்டத்தட்ட 30 மில்லிகிராம் அம்மோனியா தண்ணியில் சேரும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் தொட்டியில் தண்ணி நிற்கும் அளவு நீளம் 60, அகலம் 30, உயரம் 25 சென்டிமீட்டர். பெருக்கினால் 45,000 கன சென்டிமீட்டர், அதாவது 45 லிட்டர். தீவனத்தை நம் ஆய்வகத் தராசில் நிறுத்தேன். நான் காலையும் மாலையும் போடும் இரண்டு சிட்டிகையும் சேர்ந்து அரை கிராம் இருந்தது. வியாழக்கிழமை தண்ணி மாற்றியதில் இருந்து சோதனை வரை 9 நாள். மொத்தம் நாலரை கிராம் தீவனம், 135 மில்லிகிராம் அம்மோனியா, அதை 45 லிட்டரால் வகுத்தால் 3. விடை இவ்வளவு சரியாக வந்தது தற்செயல்தான், செத்த மீனில் இருந்தும் கொஞ்சம் வந்திருக்கும் என்று கணக்கு டீச்சர் சொன்னார். இருக்கட்டும். ஆனால் அந்த நாலரை கிராமில் ஒரு சிட்டிகைகூட தம்பி போட்டது இல்லை. புதன்கிழமை அவன் போட்ட ஒரு பிடியின் மிச்சத்தை நான் வியாழக்கிழமையே கொட்டிவிட்டேன். அவன் இந்தப் பக்கத்தைப் படிப்பான் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. அம்மோனியா தண்ணியில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி, அது மீனை அவ்வளவாகப் பாதிக்காது. இன்னொன்று அம்மோனியா வாயு, அதுதான் செவுளைக் கெடுக்கும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நூறில் ஒரு பங்குகூட வாயுவாக இருக்காது. 8 என்றால் நூறில் ஐந்து பங்கு. 9 என்றால் நூறில் முப்பத்தாறு. வெப்பம் கூடினால் இதுவும் கூடும். அதனால் அம்மோனியாவை மட்டும் பார்த்தால் போதாது, பி.எச்.சும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லிட்மஸ் தாளால் இது முடியாது, அது அமிலமா காரமா என்று மட்டும்தான் சொல்லும். செம்பருத்திப் பூச்சாறும் செய்து பார்த்தேன், 7-க்கும் 8-க்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தாள் பட்டையோ சொட்டு மருந்தோ வேண்டும்.

அப்படியானால் முதல் இரண்டு மீன் எதனால் செத்தது? அன்றைக்குத் தண்ணி புதுசு, அதில் அம்மோனியா இருந்திருக்காது. அதற்கும் பெட்டியிலேயே பதில் இருந்தது. எங்கள் வாசல் குழாய்த் தண்ணியில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். மேல்நிலைத் தொட்டியில் கிருமி சாக பிளீச்சிங் பவுடர் கலக்குகிறார்கள் இல்லையா, அந்தக் குளோரின். நாம் குடிக்கும் தண்ணியில் குறைந்தது 0.2 இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. நமக்கு அது காவல். மீனுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆபத்து, ஏனென்றால் நாம் தண்ணியைக் குடிக்கிறோம், மீன் அதைச் செவுளில் ஓடவிட்டு மூச்சு விடுகிறது. நான் நேராகக் குழாயில் பிடித்து ஊற்றியது தம்பி போட்ட ஒரு பிடி தீவனத்தைவிடப் பெரிய தப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒப்பந்தப்படி நான் கொண்டு போன ஐந்து பாட்டிலில் கடைசித் தெருப் பாட்டிலில் குளோரின் பூஜ்ஜியம். மீனுக்கு நல்ல தண்ணி, அந்தத் தெருக்காரர்களுக்கு நல்ல தண்ணி இல்லை. அக்கா உடனே தண்ணித் தொட்டி அண்ணனிடம் சொன்னார். அடுத்த வாரம் அங்கே 0.2 வந்தது. கடைசித் தெருத் தோழிகள் எனக்கு ஒரு தேன் மிட்டாயாவது வாங்கித் தரலாம்.

குளோரினைப் போக்குவது சுலபம். அகலமான பாத்திரத்தில் பிடித்து, மூடாமல் ஒரு நாள் முழுக்க வைத்தால் பறந்துவிடும். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேட் மருந்து மீன் கடைகளில் கிடைக்கும்.

அம்மோனியாதான் கஷ்டம். அது பறந்து போகாது. அதைத் தின்பதற்கு ஆள் வேண்டும், அந்த ஆள் பாக்டீரியா. வகுப்பில் நைட்ரஜன் சுழற்சி படம் வரைந்தோமே, மாடு, மரம், மின்னல் எல்லாம் போட்டு, அந்தப் படத்தில் மண்ணுக்குள் நடப்பது அப்படியே தொட்டிக்குள்ளும் நடக்கிறது. ஒரு கூட்டம் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். 1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இரண்டாவது கூட்டம் நைட்ரோபாக்டர் என்று பாடப் புத்தகங்களில் இருக்கும். ஆனால் 1998-ல் மீன் தொட்டிகளை ஆராய்ந்தபோது அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று கண்டார்கள். 2015-ல் இன்னும் ஆச்சரியம், இரண்டு வேலையையும் தனியாளாகச் செய்யும் நைட்ரோஸ்பைராவைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்று கிடைத்தது மீன் வளர்ப்புத் தொட்டியோடு சேர்ந்த ஒரு ஃபில்டரில். (பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதையே எழுதுங்கள் என்று அறிவியல் டீச்சர் சொல்லச் சொன்னார்.)

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணியில் மிதப்பது கொஞ்சம்தான். ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழும். மெதுவாகத்தான் பெருகும். புதுத் தொட்டியில் போதுமான அளவு வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால்தான் புதுத் தொட்டியில் மீன் சாகிறது. கடையில் ஆறு மீன் வாங்கி அன்றைக்கே விட்டால், கழிவு முதல் நாளே வந்துவிடும், அதைத் தின்னும் ஆள் ஒரு மாதம் கழித்துத்தான் வரும்.

நான் குழாயடியில் ஸ்பாஞ்சை மஞ்சள் போகப் பிழிந்தேன் என்று சொன்னேன் அல்லவா? அப்போதுதான் வர ஆரம்பித்திருந்த கொஞ்ச ஆட்களையும் குளோரின் தண்ணியில் கொன்றுவிட்டேன். அந்த வெள்ளைக் கலங்கலும் ஒன்றும் செய்திருக்காது. அது மிச்சத் தீவனத்தைத் தின்னும் வேறு வகை பாக்டீரியா பெருகியதால் வந்தது. தீவனத்தை நிறுத்தியிருந்தால் சில நாளில் தானே தெளிந்திருக்கும்.

ஒரு நாள் தம்பி கேட்டான்: "அக்கா, நம்ம கெணத்துல மீன் இருக்குல்ல, அதுக்கு யாரு டெஸ்ட் பண்றா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், கிணத்துத் தண்ணி ஆயிரக்கணக்கான லிட்டர், மீனோ கொஞ்சம். தீவனம் யாரும் அள்ளிப் போடுவதில்லை. சுவர்க் கல், சேறு, பாசி எல்லாவற்றிலும் பாக்டீரியா வருடக்கணக்காக இருக்கிறது. அதை யாரும் தேய்த்துக் கழுவுவதும் இல்லை. எங்கள் தொட்டி 45 லிட்டர், மூன்று குடம்தான். அதில் வளர்ந்தால் ஒரு சாண் வரும் கோல்டு ஃபிஷ் ஆறு. அவ்வளவு வைத்ததே தப்பு.

சரி, சோதனைக்குப் பிறகு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். மூன்று நாள் தீவனமே போடவில்லை. மீன் பட்டினியில் அவ்வளவு சீக்கிரம் சாகாது, அம்மோனியாவில் செத்துவிடும். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணி எடுத்துவிட்டு, ஒரு நாள் வைத்த தண்ணியை மெதுவாக ஊற்றினேன். மொத்தமாக மாற்றவில்லை. முதல் நாளே இன்னொரு மீன் செத்துப்போனது, அதற்கு ஏற்கெனவே செவுள் சிவந்திருந்தது. மிச்சம் இரண்டு. பிறகு ஒரு தோழி வீட்டில் இரண்டு வருடமாக நன்றாக ஓடும் தொட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவர்கள் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டேன். அவள் அம்மா "அழுக்கு ஸ்பாஞ்ச வாங்கவா இவ்வளவு தூரம் வந்த?" என்று சிரித்தார். அந்தத் தண்ணியோடு டிபன் பாக்ஸில் வைத்து, காயவிடாமல் கொண்டு வந்து எங்கள் ஃபில்டருக்குப் பக்கத்தில் போட்டேன். உறைமோர் ஊற்றுவது மாதிரி. நோய் இல்லாத தொட்டியில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

என் நோட்டில் சனிக்கிழமைதோறும் எழுதியது இது. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்.

முதல் வாரம்: அம்மோனியா 3, நைட்ரைட் 0
இரண்டாம் வாரம்: அம்மோனியா 1, நைட்ரைட் 0.5
மூன்றாம் வாரம்: அம்மோனியா 0.5, நைட்ரைட் 1
நான்காம் வாரம்: அம்மோனியா 0, நைட்ரைட் 1
ஐந்தாம் வாரம்: அம்மோனியா 0, நைட்ரைட் 0.2
ஆறாம் வாரம்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20

இரண்டாம் வாரம் நைட்ரைட் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன், பயமும் வந்தது. சந்தோஷம், ஏனென்றால் முதல் கூட்டம் வேலையை ஆரம்பித்துவிட்டது. பயம், ஏனென்றால் நைட்ரைட்டும் விஷம். அது மீனின் இரத்தத்தில் போய், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை மாற்றிவிடும். இரத்தம் பழுப்பாகிவிடும். தண்ணியில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். இதற்கு நம் வீட்டிலேயே ஒரு தடுப்பு இருக்கிறது, உப்பு. உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே நுழைவதைக் குறைக்கிறது. 10 லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் அயோடின் சேர்க்காத கல் உப்பு, எங்கள் தொட்டிக்கு நாலரை கிராம், ஒரு டம்ளர் தண்ணியில் கரைத்து ஊற்றினேன். தண்ணி மாற்றும்போது எடுத்த தண்ணிக்கு மட்டும்தான் மறுபடி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குளோரைடும் குளோரினும் வேறு வேறு, இதில் குழம்பாதீர்கள். நானும் குழம்பினேன்.

நாலாம் வாரம் நைட்ரைட் இறங்காமல் நின்றபோது அம்மா "ரெண்டையும் கெணத்துல விட்டுருடி, பாவம்" என்றார். நான் இன்னும் ஒரு வாரம் கேட்டேன். அந்த ஒரு வாரம் தினமும் காலையில் தம்பிதான் முதலில் எழுந்து பார்த்து, "ரெண்டும் இருக்குக்கா" என்று வந்து சொன்னான். நான் கூப்பிடவில்லை, அவனாகவே வர ஆரம்பித்தான்.

நைட்ரேட் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் கூடிக்கொண்டே போகும், அதைத் தண்ணி மாற்றித்தான் குறைக்க வேண்டும். நான் 40-க்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். செடிகளுக்கு நைட்ரேட் உரம். அதனால் எடுத்த தண்ணியை அம்மா தக்காளிச் செடிக்கு ஊற்றுகிறார் (உப்புப் போட்ட வாரங்களில் ஊற்றவில்லை). ஒரு மணி பிளான்ட் கொடியின் வேரையும் தொட்டிக்குள் விட்டிருக்கிறோம், வேர் நீளமாக இறங்கியிருக்கிறது.

இப்போது வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணி மாற்றுகிறோம். ஸ்பாஞ்சை மாதம் ஒரு முறை, எடுத்த அந்தத் தொட்டித் தண்ணியிலேயே லேசாக இரண்டு அமுக்கு அமுக்குவேன், அவ்வளவுதான். பார்க்க அழுக்காகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

கரண்ட் போகும் நாள்தான் தொல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போனால் சாயங்காலம்தான் வருகிறது. மோட்டார் நின்றால் மீனுக்கும் காற்று இல்லை, ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் இல்லை. வெயில் காலத்தில் இன்னும் மோசம். 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அன்றைக்குத் தீவனம் போட மாட்டோம். பாட்டி வெற்றிலை போட்டுக்கொண்டே அரை மணிக்கு ஒரு தடவை சொம்பில் மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றுவார். ராசியில்லை என்று சொன்ன அதே பாட்டிதான்.

தோழிகள் கேட்ட சில கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கேன் தண்ணி ஊற்றலாமா? வேண்டாம். அதில் தாது உப்புகளை எடுத்துவிடுகிறார்கள், பி.எச். நிலையாக நிற்காது. பி.எச். 8 என்று பயந்து எலுமிச்சம்பழம் பிழிந்த ஒருவர் நம் வகுப்பிலேயே இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். பி.எச். சட்டென்று மாறுவதுதான் மீனுக்குக் கெடுதல். நம் ஊர் உப்புத் தண்ணிக்கு கப்பி, மோலி மாதிரி மீன்கள் நன்றாக ஒத்துப்போகும், தண்ணியை மாற்றுவதைவிட மீனை மாற்றி வாங்குவது எளிது. "டேங்க் கிளீனர்" மீன் ஒன்று விட்டால் சுத்தமாகிவிடுமா என்றும் கேட்டார்கள். அது கண்ணாடியில் உள்ள பாசியைத் தின்னும், அம்மோனியாவைத் தின்னாது, அதுவும் கழிவு போடும். ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள், அப்படிப் பரவித்தான் தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் இப்போது வலை போட்டால் அது வருகிறது. தயவுசெய்து நம் ஏரியில் விடாதீர்கள். அம்மா சொன்ன மாதிரி கிணற்றில் விடுவதும் கூடாது, இதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

எங்கள் தொட்டியில் இப்போது இரண்டு கோல்டு ஃபிஷ்தான். மாமா இன்னும் நாலு வாங்கி வரட்டுமா என்று போனில் கேட்டார். தம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். 45 லிட்டருக்கு இதுவே அதிகமாம். தீவனமும் இப்போது அவன்தான் போடுகிறான், ஒன்று இரண்டு என்று எண்ணி.

தொட்டியில் வெங்காயம் வைத்திருப்பவர்கள் மறுபடி ஆரம்பிப்பதாக இருந்தால் சொல்லுங்கள். எங்கள் ஸ்பாஞ்ச் இப்போது பழையதாகிவிட்டது, ஆளுக்கு ஒரு துண்டு வெட்டித் தரலாம். திங்கட்கிழமை மூடி உள்ள டிபன் பாக்ஸ் கொண்டு வாருங்கள். கழுவும்போது சோப்பு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி